செயவென் எச்சத்தில் தோன்றா எழுவாய்: தமிழ் – பாரசீகம் ஒப்பீடு

முன்னுரை

‘குமரன் திண்டிவனம் செல்ல விரும்பினான்’, ‘ஆசிரியர் குமரனைத் திண்டிவனம் செல்லச் சொன்னார்’ ஆகிய இரு தொடர்களிலும் ‘செல்ல’ என்னும் எச்சத்திற்கு எழுவாய் வெளிப்படவில்லை. எனினும் செல்பவன் குமரனே என்பது தெளிவு. முதல் தொடரில் அவன் முற்றுவினையின் எழுவாய்; இரண்டாவதில் செயப்படுபொருள். தோன்றா எழுவாயை உறுதிசெய்வது எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கண மரபு

செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்றும் தம் வினைமுதலின் வினைகொண்டே முடியும் என்றும், ஏனையவை பிற வினைமுதலின் வினையையும் ஏற்கும் என்றும் தொல்காப்பிய வினையியல் வகுக்கிறது. நன்னூல் பன்னிரு வாய்பாடுகளுள் முதல் நான்கையும் இறுதி மூன்றையும் முன்வகையில் அடக்கி, ‘செய’ உள்ளிட்டவற்றிற்கு இருவகை முடிபும் தருகிறது. ‘மழை பெய்ய ஏரி நிரம்பியது’ என்பதில் எச்சத்தின் எழுவாய் வேறாய், வெளிப்படையாகவும் நிற்கிறது. குறையெச்சத் தொடரின் எழுவாய் ஒலிவடிவற்றதாகவே இருக்கும் என, நோம் சோம்சுகியின் 1981ஆம் ஆண்டுக் கோட்பாட்டு வழியில் பொதுவிதி காண்போர்க்கு இத்தொடர் தடையாகிறது.

முற்றுவினையின் பங்கு

இருவகை முடிபும் இயலும்போது, முடிக்கும் வினையே எழுவாயைத் தீர்மானிக்கிறது. விரும்பு, முயல், மற என்பன தம் எழுவாயையே எச்சத்திற்கும் அளிக்கின்றன. வேறொருவர் செல்வதை விரும்பின், ‘கண்ணன் செல்ல வேண்டும் என்று’ எனத் தொடரை மாற்ற வேண்டும். சொல், அனுமதி என்பன செயப்படுபொருளை அளிக்கின்றன. ‘வரச் சொன்னார்’ என்பதில் வருபவர் பிறர். ‘வருவதாகச் சொன்னார்’ என்பதிலோ பெரும்பாலும் சொன்னவரே. ‘விழுப்புரம் செல்ல இங்கே இறங்க வேண்டும்’ என்பதில் எழுவாய் எவரையும் குறிக்கும் பொதுமை உடையது.

பாரசீக ஒப்பீடு

பாரசீகத்தில் ‘ரஃப்தன்’ (செல்லுதல்) பெயர்த்தன்மை மிக்கது. ‘நான் செல்ல விரும்புகிறேன்’ என்பதற்கு ‘மீகாஹம் பெரவம்’ என்பர்; இருவினையிலும் ‘-அம்’ என்னும் தன்மை ஒருமை விகுதி உண்டு. ‘மீகாஹம் பெரவத்’ எனின் செல்பவர் படர்க்கையார். ஆயினும் ‘பாயத் ரஃப்த்’ (செல்ல வேண்டும்) என்னும் விகுதியற்ற தொடரில் தமிழின் பொதுமை எழுவாயே அமைகிறது.

முடிவுரை

பாரசீகம் விகுதியால் உணர்த்துவதைத் தமிழ் முற்றுவினையின் பொருளால் உணர்த்துகிறது. எனவே தொடர்ப் பகுப்பாய்வில் ‘எழுவாய் மறைந்துள்ளது’ என்பதோடு நிறுத்தாமல், அது முற்றின் எழுவாயா, செயப்படுபொருளா, பொதுமையா எனக் காட்டுதல் வேண்டும். எந்திர மொழிபெயர்ப்பில் பாரசீக விகுதியைத் தேர்வதும் இவ்வேறுபாட்டையே சார்ந்தது.