போடலாமா, வேண்டாமா?

2019 நவம்பரில் சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என எந்த ஊர்த் தொலைபேசி நிலையத்திலும் ஒரே பேச்சுதான்: விஆர்எஸ் போடலாமா, வேண்டாமா?

அந்த ஆண்டு அக்டோபர் 23 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎஸ்என்எல் சீரமைப்புத் திட்டத்தில் விஆர்எஸ் என்ற விருப்ப ஓய்வும் அடக்கம். 50 வயது நிறைந்த நிரந்தர ஊழியர்கள் விண்ணப்பிக்கலாம். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், மீதமிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம் என்று கணக்கிட்டு, ஒரு வரம்புக்குள் கருணைத்தொகை. தொலைத்தொடர்புத் துறையிலிருந்து வந்தவர்களுக்குப் பென்ஷன் தனி. யோசிக்கக் கிடைத்த அவகாசம் ஒரே மாதம். நாடு முழுக்க இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பேரில் 78,000-க்கும் மேற்பட்டவர்கள் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள்.

எல்லோரும் வாழ்க்கையை அனுபவிக்கக் கிளம்பியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டு சம்பளமே தள்ளித் தள்ளித்தான் வந்துகொண்டிருந்தது. கம்பெனி நிற்குமா என்ற பயம் ஒரு பக்கம், மொத்தமாகக் கைக்கு வரும் பணம் மறுபக்கம். மகள் கல்யாணத்தை முடித்து, வீட்டுக் கடனையும் அடைத்துவிட்டவருக்கு முடிவெடுப்பது எளிது. அதே 52 வயதில், பிள்ளையை அப்போதுதான் கல்லூரியில் சேர்த்திருப்பவருக்குக் கணக்கே வேறு. வயதைப் பார்த்து எடுக்கிற முடிவல்ல இது. தலைக்கு மேல் என்னென்ன பொறுப்பு நிற்கிறது என்று பார்த்து எடுக்க வேண்டியது.

வெளியே வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகு காசிக்குப் போகலாம், பேரன் பேத்தியோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று நினைத்திருந்தவர்கள் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை.

பணக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட வேண்டும். 55 வயதைத் தாண்டி விருப்ப ஓய்வில் வருபவர், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய். 8.2 சதவீத வட்டி என்றால் காலாண்டுக்கு 61,500, அதாவது மாதம் 20,500 ரூபாய். சேலத்தில் சொந்த வீடு இருக்கும் தம்பதிக்கு இது போதும் என்றுதான் தோன்றும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 20,500 ரூபாயில் ஓடும் வீட்டுக்கு 12 ஆண்டில் 41,000 வேண்டும். 55-ல் வெளியே வந்தவருக்கு அப்போது 67 வயதுதான். வட்டி கூடவே ஏறாது.

மொத்தப் பணம் வருகிறது என்று தெரிந்தால் யோசனை சொல்லவும் ஆள் வந்துவிடும். பெருந்துறையில் கிளம்பி கொங்கு மண்டலம் முழுக்கப் பரவிய ஈமு கோழித் திட்டம் 2012-ல் சரிந்ததை இந்தப் பக்கத்தில் மறந்திருக்க மாட்டார்கள். குஞ்சும் கொட்டகையும் தீவனமும் கம்பெனியே தரும், மாதாமாதம் பராமரிப்புத் தொகை, ஆண்டுக்கொரு போனஸ். கேட்க எவ்வளவு சுகம்! கடைசியில் போட்ட லட்சங்கள் போயின. பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டியிருந்தது.

தனியார் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்தாண்டு பணி முடித்திருந்தால் பிஎஃப் பென்ஷனை 58-க்குக் காத்திராமல் 50 வயதிலிருந்தே வாங்கலாம். ஆனால், முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. 50-லேயே கேட்டால் கால் பங்குக்கு மேல் போய்விடும், அதுவும் ஆயுள் முழுக்க. முடிந்தவரை அந்தப் படிவத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பணம் சரியாக இருந்தாலும் பகல் நீளமானது. 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கிய ராஜாஜி, நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த அந்தத் தொழிலை 1920-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காக விட்டபோது அவருக்கு 41 வயது. 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதர் வேலையில் இறங்கினார். எதை விடுகிறோம் என்பதோடு, எதற்காக விடுகிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. விருப்ப ஓய்வு கேட்பவர் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இதுதான். பெரும்பாலும் பணத்தைப் பேசி முடிப்பதற்குள் அந்தப் பேச்சும் முடிந்துவிடுகிறது.

இத்தனை யோசனையும் பென்ஷனோ செட்டில்மென்டோ உள்ளவர்களுக்கு. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுபவர் எந்த வயதில் ஓய்வுபெறுவது? மீட்டர் கணக்கில் கூலி. தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை வேலைதான். அறுபதைத் தாண்டி, ஆதரவற்றவர் என்று வருவாய்த்துறை ஒப்புக்கொண்டால் முதியோர் உதவித்தொகை கிடைக்கும்; 2023-ல் அது 1,200 ரூபாயாக உயர்ந்தது. தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை அங்கே 'பாக்கி' என்பார்கள். வேலையை விட நினைத்தால், தறி ஓட்டுபவர்தான் முதலில் அந்தப் பாக்கியைக் கட்ட வேண்டும்.