மெலிந்த உடலா, நலமான உடலா? உணவின் சுவையை இழக்காமல் உடல்நலம் காத்தல்

நீரிழிவுப் பரிசோதனைக்கு வருமாறு அழைக்கும்போது, திண்டுக்கல் வட்டாரத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் அடிக்கடி கேட்கும் மறுமொழி ஒன்று உண்டு. "நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எதற்குச் சர்க்கரைப் பரிசோதனை?" என்பார்கள். அதே புறநோயாளர் பிரிவில், எடையில் எக்குறையும் இல்லாத இளம்பெண்கள் உடல் மெலிய மருந்து உண்டா என்று வினவுகின்றனர். மெலிவே நலம் என்னும் ஒரே நம்பிக்கைதான் இவ்விரு தரப்பினரையும் அவ்வாறு பேச வைக்கிறது. அந்நம்பிக்கை எங்கே பிழைபடுகிறது என்பதையும், பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஊரில் வாழ்ந்துகொண்டே உடல்நலத்தை எவ்வாறு காத்துக்கொள்ளலாம் என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

ஒரே எடை, வெவ்வேறு உடல்

ஒருவரின் எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். 165 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் உடையவருக்கு அது ஏறத்தாழ 22.8. இந்தியர்களுக்கு 23 முதல் மிகை எடை என்றும், 25 முதல் உடற்பருமன் என்றும் கொள்ளப்படுகிறது. எனவே மேற்கூறியவர் இயல்பான எடை உடையவர் என்றே அட்டையில் எழுதப்படும். ஆனால் அவ்வெடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அக்கொழுப்பு உடலின் எப்பகுதியில் தங்கியுள்ளது என்பவற்றை இவ்வெண் கூறாது.

இதற்கு மருத்துவ உலகம் நன்கறிந்த சான்று ஒன்று உள்ளது. புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004ஆம் ஆண்டில் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து லான்செட் மருத்துவ இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டனர். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தராசு இருவரையும் ஒன்றெனக் காட்டியது. உள்ளே இருந்த உடல்கள் வெவ்வேறானவை.

இவ்வேறுபாடு பிறப்பிலேயே தொடங்குகிறது என்பதும் புனேயில் நடந்த மற்றோர் ஆய்வில் தெரியவந்தது. அங்குள்ள சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 3.5 கிலோ. நம் குழந்தைகளின் தசையும் உள்ளுறுப்புகளும் குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை.

உணவு உண்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிச் சேமிப்பது தசையே. தசையை ஒரு நெற்குதிர் என்று கொள்வோம். குதிர் சிறிதாக இருந்தால் விளைச்சல் வாசலிலேயே குவிந்து கிடக்கும். அவ்வாறே சர்க்கரை இரத்தத்தில் தேங்குகிறது; மிஞ்சியது கொழுப்பாக மாறிக் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் படிகிறது. அவ்வாறு படியும் கொழுப்பு இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய உடலமைப்பு நம்மிடையே மிகுதி. அதனைத் "தொப்பைதானே" என்று நகைத்து விட்டுவிடுகிறோம். 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வில், பொதுவான உடற்பருமன் 28.6 விழுக்காட்டினரிடமும், வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. எடையை மட்டும் பார்த்தால் தப்பிவிடுவோர் எத்துணைப் பேர் என்பதை இவ்வேறுபாடு உணர்த்தும்.

எனவே தையற்காரரின் அளவு நாடா ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. நிமிர்ந்து நின்று, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே வயிற்றைச் சுற்றி அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொள்ளக் கூடாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லைகள். கால்சட்டையின் அளவை நம்ப வேண்டாம். நம் ஆண்களில் பலர் அதனைத் தொப்பைக்குக் கீழே அணிவதால் இருபது ஆண்டுகளாக அளவு மாறாமலே இருக்கும்.

எடை குறையாமலும் நலம் கூடும்

சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006ஆம் ஆண்டில் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை இவ்விடத்தில் அறிந்துகொள்வது பயன் தரும். நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் ஏறத்தாழ மூன்றாண்டுகளில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்து, தீட்டிய தானியத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து, நார்ச்சத்துள்ள உணவைக் கூட்டிக்கொண்டவர்களுள் அது 39 ஆகக் குறைந்தது. கவனிக்க வேண்டியது யாதெனில், இவ்வாறு பயன்பெற்றவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் எடையைச் சிறிதளவு குறைப்பது நன்மையே. 80 கிலோ எடை உள்ளவர் 4 கிலோ குறைத்தாலும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கும். ஆனால் தராசின் முள் அசையவில்லை என்பதற்காக நடப்பதை நிறுத்திவிடுபவர்களே மிகுதி. முள் அசையாதபோதும் உடலுக்குள் மாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கும்.

பிரியாணியும் அன்றாடச் சோறும்

எடையைக் குறைக்க எண்ணும் எவரும் முதலில் கைவிடுவது பிரியாணியை. எமது கருத்தில் அது தவறான தொடக்கம். மாதம் இரண்டு முறை உண்ணும் சீரகச் சம்பா பிரியாணியைக் காட்டிலும், நாள்தோறும் சாம்பாருக்கு ஒரு சுற்று, இரசத்திற்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று என மும்முறை பரிமாறப்படும் வெண்சோறும், இரவுதோறும் உண்ணும் புரோட்டாவும் சால்னாவுமே உடலின் போக்கை முடிவு செய்கின்றன. இந்தியர்கள் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருவதாக 2025ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது. திருவிழா உணவில் அல்ல, செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டில்தான் திருத்தம் தொடங்க வேண்டும்.

அத்திருத்தம் கடினமானதன்று. மூன்று சுற்றுச் சோற்றை இரண்டாக்கி, அவ்விடத்தைக் கூட்டு, பொரியல், கீரை, சுண்டல், முட்டை ஆகியவற்றால் நிரப்பலாம். காய்கறியும் பழமும் நாளொன்றுக்கு 400 கிராமேனும் உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்திற்கு லாரி லாரியாகக் காய்கறி செல்லும் மாவட்டத்தில், நம் தட்டில் விழுவது ஒரு கரண்டிப் பொரியல்தான். குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைப்பதால் தட்டில் அரிசி மிகுவது இயல்பே. அதே நியாயவிலைக் கடையில் துவரம்பருப்பும் கிலோ 30 ரூபாய்க்கு வழங்கப்படுகிறது. அதனை முழுமையாக வாங்கிப் பயன்படுத்துங்கள். இப்பகுதியின் பழைய உணவான கம்பும் சோளமும் வாரத்தில் சில வேளைகளுக்குத் திரும்பி வரலாம். ஆனால் சிறுதானியம் என்பதற்காக அளவின்றி உண்ணக் கூடாது. அதிலும் மாவுச்சத்தே மிகுதி.

பிரியாணி உண்ணும் நாளில் அதனை மகிழ்ச்சியோடு உண்ணுங்கள். வெங்காயப் பச்சடியையும் முட்டையையும் ஓரிரு கறித்துண்டுகளையும் முதலில் உண்டு, பின்னர் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். இரண்டாம் முறை சோறு வாங்குவதற்கு முன் சற்றுப் பொறுத்திருங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டுவதற்குச் சிறிது நேரம் ஆகும். உடன் அருந்தும் 300 மில்லிலிட்டர் குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். பிரியாணியை விடாமல் இதனை விட்டால் போதும். சீரகச் சம்பா பாரம்பரிய அரிசி என்பதால் சர்க்கரையை ஏற்றாது என்ற எண்ணமும் வேண்டாம். அதுவும் தீட்டப்பட்ட அரிசியே.

நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், மதியம் விருந்து என்பதற்காகக் காலை உணவைத் தவிர்க்கவே கூடாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் ஏற்படக்கூடும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அவர்களும் ஒரு சிறுமலை வாழைப்பழம் உண்ணலாம். அந்த அளவுக்குச் சோறு குறைய வேண்டும். பழனிப் பஞ்சாமிர்தம் பிரசாதமாக ஒரு கரண்டி என்றால் அஞ்ச வேண்டியதில்லை. டப்பாவோடு அமர்வது வேறு.

மெலிவு அபாயமாகும்போது

உடல் மெலிய வேண்டும் என்று உணவைத் தவிர்ப்பவர்கள் முதலில் இழப்பது கொழுப்பை மட்டுமன்று; தசையையும் இழக்கின்றனர். மீண்டும் வழக்கமாக உண்ணத் தொடங்கும்போது எடை கொழுப்பாகத் திரும்புகிறது. எனவே மும்முறை பட்டினி கிடந்து மெலிந்தவர், நான்காம் முறை முன்னிலும் நலிந்த உடலுடன் நிற்பார். முடி உதிர்தல், மாதவிடாய் தவறுதல், பித்தப்பைக் கல் ஆகியவையும் இதனால் ஏற்படலாம்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளதாக ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. நிலைமை இவ்வாறிருக்க, வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலைகளில் முறைவேலை பார்க்கும் பெண்களும், கல்லூரி மாணவியரும் காலை உணவை விட்டுவிட்டுத் தேநீரோடு நண்பகல் வரை இருப்பது கவலைக்குரியது. திருமணத்திற்கு முன் "கொஞ்சம் இளைத்தால் நன்றாயிருக்கும்" என்று மகளிடம் கூறும் பெற்றோர், அதற்கு முன் அவளது ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துக் கொள்ளட்டும். 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் அவளுக்குத் தேவை மெலிவு அன்று, சிகிச்சையும் நல்லுணவும்.

உண்டதை வலிந்து வாந்தி எடுத்தல், யாரும் காணாமல் அளவுக்கு மீறி உண்டு பின்னர் பட்டினி கிடத்தல் ஆகியவை மனநலம் சார்ந்த நோயின் அறிகுறிகள். கண்டித்துப் பயனில்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முயற்சி ஏதுமின்றி ஒருவர் இளைத்தால் "நன்றாக இளைத்துவிட்டீர்கள்" என்று பாராட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. ஆறு மாதங்களுக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ உள்ளவர் 3 கிலோ, காரணமின்றிக் குறைந்தால் அது நீரிழிவு, காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு, புற்றுநோய் ஆகியவற்றுள் ஒன்றன் அறிகுறியாக இருக்கலாம். இரு வாரங்களுக்கு மேல் இருமலும் சேர்ந்திருந்தால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். முதியவர்கள் மெலிவதையும் "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. தசை குறைந்த முதியவர் தடுக்கி விழுந்தால் எழுவது அரிது.

பரிசோதனை எங்கே?

30 வயது நிறைந்த அனைவரும், மெலிந்தவராயினும், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் சர்க்கரை 100க்குக் கீழ் இருப்பது இயல்பு. 100 முதல் 125 வரை விளிம்பு நிலை. 126 அல்லது அதற்கு மேல் இருந்து மறுபரிசோதனையிலும் உறுதியானால் நீரிழிவு. நோய் உறுதியானவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக மாத்திரைகள் வீட்டிற்கே வழங்கப்படுகின்றன. ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு வருபவர்கள் எட்டு மணி நேரம் உணவும் தேநீரும் தவிர்த்து வர வேண்டும், தண்ணீர் அருந்தலாம். பழைய மருத்துவச் சீட்டுகளை உடன் கொண்டு வரவும்.