முன்சில்லுகளின் ஒழுங்கு: ஒரு தொழில்நுட்ப விளக்கமும் சில சமூக அவதானங்களும்

இலங்கைப் புகையிரதப் பாதையின் மிக உயர்ந்த புள்ளி பட்டிப்பொலவுக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து 6200 அடிக்கு மேல், ஒஹிய நோக்கிய சுரங்கத்தை அண்டி அமைந்துள்ளது. 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை, 1893இல் இம்மேட்டைக் கடந்து ஹப்புத்தளையை அடைந்தது. இப்பாதையில் ஓடும் பெட்டிகளுக்குத் திசைதிருப்பும் கைபிடி எதுவுமில்லை. ஓர் அச்சின் இரு சில்லுகளும் அச்சுடன் இறுகப் பொருத்தப்பட்டவை. அவற்றின் விளிம்புப் பரப்போ கூம்புவடிவானது. வளைவில் வெளிச்சில்லு தன் பெரிய சுற்றளவிலும் உட்சில்லு தன் சிறிய சுற்றளவிலும் உருள்வதால் பெட்டி தானே திரும்புகின்றது. மலைநாட்டின் கூரிய வளைவுகளில் இது போதாமையினாலேயே சில்லின் ஓரவிளிம்பு தண்டவாளத்தில் உராய்ந்து கீச்சிடுகின்றது.

தண்டவாளமற்ற தெருவில் இவ்வசதி இல்லை. அங்கு சில்லுகளின் ஒழுங்கை மனிதனே அமைத்துப் பேணல் வேண்டும். சாய்ந்திருந்து மிதிக்கும் முச்சில்லு வண்டியை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். முன்னே இரு சில்லுகளும் பின்னே ஒரு சில்லும் கொண்ட இவ்வண்டி, துவிச்சக்கரவண்டியிற் சமநிலை பேண இயலாதோர்க்கும் பயன்படுவது. இதன் முன்சில்லுகளைச் சோதித்துச் சீராக்கும் முறையை விளக்குவதும், அவ்வறிவின் வரலாறு எழுப்பும் ஒரு வினாவைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1

வண்டி நேராக ஓடும்போது இரு முன்சில்லுகளும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருத்தல் வேண்டும். சில்லுகளின் முன்பக்க இடைவெளி பின்பக்க இடைவெளியிலும் குறைவாயின் அதனை முன்னொடுக்கம் என்றும், கூடுதலாயின் முன்விரிவு என்றும் குறிப்பிடுவோம். பொதுவாக 1 முதல் 2 மில்லிமீற்றர் வரையான முன்னொடுக்கம் விரும்பப்படும். ஓட்டத்தில் வீதியின் எதிர்விசை சில்லுகளைச் சற்றே வெளிநோக்கித் தள்ளுவதால், அச்சிறு ஒடுக்கம் ஓடும்போது சமாந்தரத்தை அணுகுகின்றது.

பிழையின் விளைவைக் கணக்கிட்டு நோக்குவது பயனுடைத்து. றிம்மின் விட்டம் 406 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். முன்னிடைவெளிக்கும் பின்னிடைவெளிக்கும் வேறுபாடு 6 மில்லிமீற்றராயின், ஒவ்வொரு சில்லின் பங்கும் 3 மில்லிமீற்றராகும். 3ஐ 406ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.0074 வரும். அதாவது, ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் ஒவ்வொரு ரயரும் ஏறக்குறைய 7.4 மீற்றர் தூரத்துக்குச் சமமாகப் பக்கவாட்டில் உரசப்படுகின்றது. மிதிப்பவரின் உழைப்பில் ஒரு பகுதி பயணமாக மாறாது, றப்பர்த் துகளாகத் தெருவில் உதிர்கின்றது. ஏற்றத்தில் இது களைப்பாகவே முடியும். பட்டிப்பொலவிலிருந்து அம்பேவெலப் பக்கமாக இறங்கும் ஈரமான தெருவிலோ, முன்விரிவு கொண்ட வண்டி ஒருபுறமும் மறுபுறமும் அலையத் தொடங்கும். ஆங்கு பிழையின் விலை உயிராகவும் அமையலாம்.

2

சோதனை அளவுகோலுடன் தொடங்குவதில்லை. முதலில் இரு ரயர்களின் காற்றழுத்தமும் சமமாக இருத்தல் வேண்டும். அடுத்து, ஒவ்வொரு முன்சில்லையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். அச்சிலோ, சில்லு திரும்பும் செங்குத்து முளையிலோ, இணைப்புத் தண்டின் மூட்டுகளிலோ ஆட்டம் காணப்படின் அதனை முதலில் நீக்குக. ஆடுகின்ற மூட்டை வைத்துக்கொண்டு மில்லிமீற்றரை அளப்பது வீண்முயற்சியாகும்.

பின்னர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைபிடியை நேராக்கி, ஓட்டுபவரையே இருக்கையில் அமர்த்துக. அவரது எடை சட்டத்தையும் சில்லுகளையும் சற்று நெகிழச் செய்வதால், வெறும் வண்டியில் எடுத்த அளவு ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. ஓரிரு மீற்றர் முன்னே உருட்டி நிறுத்தினால் ரயர்கள் தம் இயல்பான நிலையை அடையும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையன்று. ஒன்றன்மேல் ஒன்று நழுவக்கூடிய இரு மெல்லிய மரச்சட்டங்களை றப்பர் வளையங்களாற் பிணைத்தால் நீளும் கோலொன்று கிடைக்கும். ரயர் சீரற்றதாகையால் றிம்மின் உள்விளிம்பையே அளக்க வேண்டும். இரு றிம்களிலும் முன்பக்கத்தில் வெண்கட்டியால் அடையாளமிட்டு, அவற்றின் இடைவெளியைக் கோலிற் குறித்துக்கொள்க. பின்பு சில்லுகள் சரியாக அரைச்சுற்றுச் சுழலும்வரை வண்டியை முன்னே உருட்டுக. அதே அடையாளங்கள் இப்போது பின்பக்கத்தில், அதே உயரத்தில் இருக்கும். மீண்டும் அளக்க வேண்டும். றிம்மின் அதே புள்ளிகளையே இருமுறையும் அளப்பதால், றிம் கோணலாயிருப்பினும் அக்கோணல் அளவைக் கெடுக்காது. இம்முறையின் நுட்பம் இதிலேயே தங்கியுள்ளது.

3

இரு சில்லுகளையும் பிணைக்கும் இணைப்புத் தண்டின் ஒரு முனையில் வலப்புரியும் மறுமுனையில் இடப்புரியும் இருப்பது வழக்கம். இரு முனைகளிலுமுள்ள பூட்டு நட்டுகளைத் தளர்த்தித் தண்டைச் சுழற்றினால், அது நீளும் அல்லது குறுகும். தண்டு அச்சுக்குப் பின்னால் அமைந்திருப்பின், அதனை நீட்டுவது சில்லுகளின் பின்பக்கத்தை விரித்து முன்னொடுக்கத்தைக் கூட்டும். முன்னால் அமைந்திருப்பின் விளைவு நேர்மாறாகும். கைபிடியிலிருந்து ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனித் தண்டு செல்லும் வண்டிகளில் இரண்டையும் சம அளவிலேயே மாற்றுதல் வேண்டும். அன்றேல் கைபிடி நடுநிலையை இழக்கும். கால் சுற்றுக்கு மேற்படாது திருப்பி, வண்டியைச் சற்று உருட்டி, மீண்டும் அளக்க வேண்டும். நட்டுகளை இறுக்கியபின் இறுதியாக ஒருமுறை அளப்பது அவசியம். இறுக்குகையில் தண்டு திரும்பிவிடுவதுண்டு. வெள்ளோட்டத்தை மெதுவாக, சமதரையிலேயே நடத்துக. இரு தடைகளும் ஒத்துப் பிடிக்கின்றனவா என்பதையும் அப்போதே அவதானித்துக்கொள்ளலாம்.

4

திரும்பும்போது இரு சில்லுகளும் சமாந்தரமாக இருத்தலாகாது. வளைவின் உட்சில்லு சிறிய வட்டத்திற் செல்வதால் அது கூடுதலாகத் திரும்பவேண்டும். இதற்காகவே, திருப்பும் முளையையும் தண்டின் மூட்டையும் இணைக்கும் கோடுகளை நீட்டினால் அவை பின்சில்லின் அச்சை அண்டிச் சந்திக்குமாறு அமைக்கின்றனர். ஒவ்வொரு முன்சில்லும் தனித்தனி முளையில் திரும்பும் இவ்வமைப்பு உலகெங்கும் 'அக்கர்மன்' என்ற பெயரால் வழங்குகின்றது. றுடோல்ஃப் அக்கர்மன் லண்டனிற் படநூல்களை வெளியிட்ட ஒரு பதிப்பாளர். இதனை 1817இல் உருவாக்கியவர் மியூனிக் நகரின் வண்டித் தொழிலாளி கேயோர்க் லங்கென்ஸ்பெர்கர். அவரது முகவராக இருந்து 1818இல் இங்கிலாந்திற் காப்புரிமை பெற்றவரே அக்கர்மன். சார்ள்ஸ் டார்வினின் பாட்டனாரான எராஸ்மஸ் டார்வினும் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதனையொத்த கருத்தைக் கொண்டிருந்தார். ஆயினும் செய்த கையின் பெயர் மறைய, உரிமைப் பத்திரத்தின் பெயர் நிலைத்தது. முதலாளித்துவ உற்பத்தி உறவுகளில் அறிவும் உடைமையாக மாறுகையில் நிகழ்வது இதுவே. இலக்கிய வரலாற்றில் ஏட்டைப் பதிப்பித்தவரைப் போற்றி, அதனைத் தலைமுறைதோறும் பிரதிசெய்து காத்தவரை மறக்கும் போக்கும் இதனின்று வெகுதொலைவில் இல்லை.

பட்டிப்பொல மேட்டுக்கும் இது பொருந்தும். பாதையை அமைத்த பொறியியலாளரை ஆவணங்கள் அறியும். பாறையைப் பிளந்தோரையும், தண்டவாளங்களின் இடைவெளியை நாள்தோறும் அளந்து காத்தோரையும் அவை எண்ணிக்கையாகவே அறியும். தண்டவாளத்தைக் காக்கும் கோலும், மேற்கூறிய மரச்சட்டக் கோலும் அடிப்படையில் ஒரே அறிவின் கருவிகள்.

தமிழிற் கலைச்சொற்களை ஆக்குவதில் அரசகருமமொழித் திணைக்களம் முதல் பல்கலைக்கழகங்கள் வரை உழைத்துள்ளன. அம்முயற்சி மதிப்பிற்குரியது. எனினும் வேலைத்தலத்தில் வழங்கும் சொற்கள் பல அகராதிக்கு வெளியிலேயே நிற்கின்றன. கையால் அறிந்ததை எழுத்தில் வைப்பது தமிழ் உரைநடைக்குப் புறம்பான பணியன்று. அவ்வறிவுக்கு உரியவர்களின் பெயரை மீட்பதற்கு அதுவே முதற்படி எனலாம்.