புறக்கடைக் கோழிக்குஞ்சுகளும் எட்டு வாரக் காவலும்

கிராமங்களில் இரண்டொரு கோழியேனும் வளர்க்காத குடியானவர் வீடு அரிது. எத்தனை முட்டைகள் அடை வைக்கப்பட்டன, எத்தனை குஞ்சுகள் பொரிந்தன என்று வினவினால் வீட்டார் உடனே விடை கூறுவர். அவற்றுள் எத்தனை விற்கும் பருவத்தை அடைந்தன என்று வினவினாலோ சற்றுத் தயங்குவர். 12 முட்டைகளில் 10 பொரிந்து, அப்பத்தில் 3 மாத்திரமே தேறுமாயின், அவ்வீட்டார் அடைந்தது மூன்று கோழிகளின் வருமானமேயன்றிப் பத்தின் வருமானமன்று. எஞ்சிய ஏழும் பெரும்பாலும் முதல் 8 வாரங்களுக்குள் இழக்கப்பட்டவையேயாகும்.

நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50 முதல் 80 முட்டைகளே இடும். ஆதலின் புறக்கடைக் கோழி வளர்ப்பில் இலாபம் முட்டையின் தொகையைப் பொறுத்ததன்று. பொரிந்த குஞ்சைக் காப்பாற்றுவதையே பொறுத்தது. பெரும்பாலும் இவ்வருமானம் வீட்டுப் பெண்மக்களின் கைக்கு வருவது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் அவசர மருந்துச் செலவுக்கும் உதவுவது. ஆகவே இதனை அற்ப விஷயமென்று தள்ளிவிடுதல் தகாது.

அடை வைத்தல்

அடைக்கு எடுக்கும் முட்டைகள் ஒரு வாரத்துக்கு மேற்படாதனவாயும், விரிசலும் அழுக்கும் அற்றனவாயும், நடுத்தரப் பருமனுள்ளனவாயும் இருத்தல் வேண்டும். அவற்றைக் குளிர்ந்த இடத்தில், மணல் பரப்பிய மண்சட்டியில் சேர்த்து வைத்தல் நலம். ஒரு கோழிக்கு 10 அல்லது 12 முட்டைகள் போதும். அதன் சிறகுக்குள் அடங்காத முட்டை குளிர்ந்து கெடுவதோடு, கோழி முட்டைகளை இடம் மாற்றுந்தோறும் நல்லவற்றையும் கெடுக்கும்.

அடை வைத்த ஏழாம் நாள் இரவில், ஒவ்வொரு முட்டையையும் விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். கருக்கூடிய முட்டையில் சிலந்தியின் கால்களைப் போன்ற செந்நிற நரம்புகள் தோன்றும். தெளிவாகத் தோன்றும் முட்டைகளை நீக்கிவிடலாம். குஞ்சு 21-ஆம் நாள் வெளிப்படும். அடைக்கோழியின் உடலில் பேனும் செள்ளும் இருப்பின் அவை பிறந்த அன்றே குஞ்சுகளைப் பற்றும்; எனவே கோழியை அடையில் வைப்பதற்கு முன்னரே அவற்றை ஒழித்தல் அவசியம்.

வெப்பம்

முதல் வாரத்தில் குஞ்சு தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. தாய்க்கோழியுடன் விடப்பட்ட குஞ்சுக்கு அதன் சிறகே போதும். தாயின்றி வளர்க்கப்படும் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 3 டிகிரி வீதம் குறைத்து வரலாம். இதற்கு 60 வாட் இழைவிளக்கு ஒன்றைக் கூடைக்குள் தொங்கவிடுவது வழக்கம். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் ஒளி தருமேயன்றிப் போதிய வெப்பம் தாரா என்பதை மறத்தலாகாது.

வெப்பமானி இல்லாதவர்களுக்குக் குஞ்சுகளே அளவுகோல். அவை விளக்கடியில் ஒன்றன்மேலொன்று ஏறி நெருங்கிக் கத்துமாயின் குளிர் மிகுதி. விளக்கை விட்டு ஒதுங்கி வாய்பிளந்து நிற்குமாயின் வெப்பம் மிகுதி. எங்கும் பரவித் தின்று திரியுமாயின் வெப்பம் சரியான அளவில் உள்ளது.

தீனியும் நீரும்

வளரும் குஞ்சுக்குத் தானியம் மாத்திரம் போதாது. தசையும் இறகும் வளர்வதற்குப் புரதச் சத்து மிக அவசியம். குஞ்சுத்தீனியில் அது நூற்றுக்கு 20 பங்கு அளவில் இருத்தல் நலம். கடைத்தீவனம் வாங்க இயலாதவர்கள், நொய், உடைத்த கம்பு, கேழ்வரகு ஆகியவற்றுடன் தூளாக்கிய பிண்ணாக்கையும், பொடியாக அரிந்த முருங்கைக்கீரையையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

நம் முன்னோர் கையாண்ட கறையான் முறையும் சிறந்ததே. பழைய மண்பானையொன்றில் கிழிந்த சாக்கு, உலர்ந்த சாணம், ஓலைத்துண்டு முதலியவற்றை இட்டுச் சிறிது நீர் தெளித்து, கறையான் நடமாடும் மண்ணின்மேல் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் குஞ்சுகளுக்கு வேண்டிய கறையான் திரண்டிருக்கும். இது செலவில்லாத புரதத் தீனியாகும்.

பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை ஒருபோதும் கொடுத்தலாகாது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக்குஞ்சுகள் மடிந்தன. அவற்றின் தீனியிலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணமெனப் பின்னர்க் கண்டறியப்பட்டது. அந்நஞ்சுக்கு அபிளாடாக்சின் என்று பெயர். கருவாட்டுக் கழிவு, ஊறுகாய் முதலிய உப்பு மிகுந்த பண்டங்களும் குஞ்சுகளுக்கு ஆகா. நீர்த்தட்டு ஆழமற்றதாயிருத்தல் வேண்டும். அதில் சில கூழாங்கற்களை இட்டால் குஞ்சுகள் விழுந்து நனையா.

பகைப் பிராணிகள்

பகலில் பருந்தும் வல்லூறும் காகமும் கீரியும், இரவில் பூனையும் பாம்பும் பெருச்சாளியும் குஞ்சுகளுக்குப் பகையாம். முதல் நான்கு வாரங்கள் வரையில் குஞ்சுகளைத் தாயுடன் பஞ்சாரத்தில் அடைத்தோ, மேலே வலை கட்டிய சிறு அடைப்புக்குள் விட்டோ வளர்ப்பதே சிலாக்கியம். அதன் பின்னர் வெளியே விடும்போதும், முற்றத்தில் மறைந்துகொள்ளப் புதரோ தாழ்வான பந்தலோ இருக்குமாறு செய்தல் வேண்டும்.

இரவுக்கூடு தரையினின்று உயர்ந்ததாயும், அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்ததாயும் இருத்தல் நலம். பெரிய கண்ணுள்ள வலை கோழியை உள்ளே தடுக்குமேயன்றிப் பாம்பை வெளியே தடுக்காது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் கதவை அடைத்துவிடுதல் வீட்டில் ஒருவரின் நித்தியக் கடமையாதல் வேண்டும். பருந்துக்கும் கீரிக்கும் விஷம் வைப்பது தவறு. அவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அன்றியும் அவ்விஷத்தை வீட்டு நாயும் கோழியும் உண்ணுதல் கூடும்.

நோய்கள்

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை இரத்தக்கழிச்சல் தாக்கும். இதற்குக் காரணமான நுண்ணுயிர் ஈரமான தரையில் பரவுவது. எனவே தவிடு, உமி முதலிய பரப்பை நாள்தோறும் கிளறி உலர வைத்தலும், நனைந்த பகுதியை அகற்றிச் சுண்ணாம்பு தூவுதலும் முக்கியம். நோய் கண்டவுடன் கால்நடை மருத்துவரைக் கேட்டு நீரில் மருந்து கலந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். கொசுக்களாலும் பரவும் கோழி அம்மைக்கும் தடுப்பூசி உண்டு.

இவை எல்லாவற்றினும் கொடியது வெள்ளைக்கழிச்சல். இந்நோய் 1926-ஆம் ஆண்டில் சாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகிலும் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே குமாவோன் மலையிலுள்ள ராணிகேத்தில் தோன்றியமையின், நம் நாட்டில் ராணிகேத் நோய் எனப் பெயர் பெற்றது. வாய்பிளந்து மூச்சுவிடுதல், பச்சையும் வெண்மையும் கலந்த கழிச்சல், கால் இறக்கை முடக்கம், கழுத்துத் திருகல் ஆகியவை இதன் குறிகள். வந்தபின் இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. கோடையில் ஊர் முழுதும் சூறையாடுவது இதன் இயல்பு. மார்கழியிலும் தையிலும் பொரிந்த குஞ்சுகள் சரியாகத் தேறி வரும் பங்குனி சித்திரையில் இந்நோய் வந்து, இரண்டு மாத உழைப்பை ஒரே வாரத்தில் அழித்துவிடும்.

தடுப்பு மருந்து

நோயைத் தீர்க்க இயலாதாயினும் வராமல் தடுக்க இயலும். குஞ்சு பிறந்த ஏழாம் நாள் லசோட்டா அல்லது எப் வகைத் தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடல் வேண்டும். நான்காம் வாரத்தில் மீண்டும் ஒரு சொட்டு விடுதல் நலம். எட்டாம் வாரத்தில் ஆர். 2 பி. எனப்படும் மருந்தை இறக்கையின் தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்துதல் வேண்டும். இப்பிந்திய மருந்து, ராணிகேத்துக்கு அணித்தேயுள்ள முக்தேசுவரத்தின் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் உருவாக்கப்பட்டது. இது வீரியம் மிகுந்ததாகையால் இளங்குஞ்சுகளுக்குப் போடலாகாது. ஊசிக்கு ஒரு வாரம் முன்னர்க் குடற்புழு மருந்து கொடுத்தால் பலன் மிகும். நோய் கண்ட கோழிக்கு ஊசி போடுவதில் பயனில்லை.

இம்மருந்து உயிருள்ள நுண்கிருமியால் ஆனது. 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தாலன்றிக் கெட்டுவிடும். ஆதலின் பனிக்கட்டியுடனேயே கொண்டு வருதலும், வெயில் படாமல் வைத்தலும், கலந்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தலும் வேண்டும். வெயிலில் கொண்டுவந்த மருந்தைப் போட்டுவிட்டு, ஊசி போட்டும் கோழி மடிந்ததென்று குறை கூறுவோர் பலர்.

ஊர்க்காரியம்

மருந்துக்குப்பி ஒன்று பொதுவாக 100 கோழிகளுக்கோ அதற்கு மேற்பட்டவற்றுக்கோ போதுமானது. திறந்து கலந்த மருந்தை மறுநாளைக்கு வைத்தல் இயலாது. பத்துக் குஞ்சுகள் உள்ள வீட்டார் தமக்கென்று ஒரு குப்பியைத் திறப்பது எங்ஙனம்? அன்றியும், ஒரு வீட்டுக் கோழி அடுத்த வீட்டுக் குப்பைமேட்டைக் கிளறாமல் இராது. பத்து வீடுகள் ஊசி போட்டு இரண்டு வீடுகள் விட்டுவிட்டால், அவ்விரு வீட்டுக் குஞ்சுகளே நோய்க்குத் தங்குமிடமாகித் தெருவில் இனிப் பொரியும் குஞ்சுகளுக்கெல்லாம் அதனைப் பரப்பும். ஆகவே எட்டு வாரக் காவலில் கடைசிக் காவல் ஒரு வீட்டின் காரியமன்று; ஊர்க்காரியம்.

தை மாத முடிவுக்குள் வீடுதோறும் உள்ள கோழிகளையும் குஞ்சுகளையும் கணக்கெடுத்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவித்து, நாள் குறித்து, முந்திய மாலையில் கோழிகளை அடைத்து வைக்கும்படி தெருத்தெருவாக அறிவிக்கச் செய்தல் ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் எளிதில் செய்யக்கூடிய காரியம். விடியற்காலையில், கூடுகள் திறப்பதற்கு முன்னர் ஊசி போட்டால் ஒரு கோழியும் தப்பாது.

கோழிகள் திடீரெனக் கூட்டமாக மடியுமாயின் அதனை மறைத்தலாகாது. 2009-ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தில் ராணிகேத் நோயும் பறவைக் காய்ச்சலும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. உரிமையாளர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவித்தல் கடமை; அவர்கள் கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். நோய்ப்பட்ட கோழிகளை அவசரமாகச் சந்தைக்கு அனுப்புவோர் தம் நஷ்டத்தைக் குறைப்பதாக எண்ணி அயலூர்களுக்கும் நோயை அனுப்புகின்றனர். மடிந்தவற்றை வெறுங்கையால் தொடாமல், நாய் தோண்ட இயலாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும்.

நல்ல முட்டை, உலர்ந்த இடம், போதிய வெப்பம், புரதமுள்ள தீனி, அடைத்த கதவு, காலத்தில் இட்ட மருந்து ஆகிய ஆறும் எட்டு வாரங்கள் தவறாது நடைபெறின், பத்துக் குஞ்சுகளில் மூன்று தேறிய வீட்டில் ஏழு எட்டுத் தேறுதல் கூடும். வரும் தை மாதத்துக்குள் ஒவ்வொரு கிராமத்தாரும் தம் ஊரின் கோழிக்கணக்கை எடுத்து, ஊசிக்கு நாள் குறித்துக்கொள்வாராக.