கண்ணைத் தானே சீர்செய்யும் சிறு மீன்

திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்ததற்கு மறு ஆண்டு, பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னையிலிருந்து மைசூருக்குப் புறப்பட்டார். அங்குள்ள வேளாண்மை, கைத்தொழில், வாணிபம் ஆகியவற்றின் நிலையை அறிந்துவருமாறு கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அவரைப் பணித்திருந்தார். அப்பயண நூல் 1807-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பின்னாளில் ஹாமில்டன் என்ற பெயரை ஏற்றுக்கொண்ட அவரே, கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில், நீலக் கோடுகள் கொண்ட ஒரு சிறு மீனை முதன்முதலாக விவரித்தார். அதுவே வரிக்குதிரை மீன். ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள இம்மீன் நம் நாட்டு ஓடைகளிலும் நெல் வயல்களிலும் வாழ்கிறது. இன்று இது கண் நோய் ஆராய்ச்சியில் பெரிதும் பயன்பட்டு வருகிறது.

மீளாத இழப்பு

கண்ணின் பின்புறம் அமைந்துள்ள விழித்திரை, பல அடுக்குகளாலான நரம்புத் திசுவாகும். ஒளியை உணரும் அணுக்கள் தரும் செய்தியை இடைநிலை அணுக்கள் பெற்று, நரம்புமுடிச்சு அணுக்களுக்கு அளிக்கின்றன. இவ்வணுக்களின் நீண்ட இழைகளே ஒன்றுசேர்ந்து பார்வை நரம்பாகி மூளையை அடைகின்றன. கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயில் இந்த நரம்புமுடிச்சு அணுக்கள் படிப்படியாக மடிகின்றன. நம் நாட்டில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் சுமார் 1.12 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2010-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. சொட்டு மருந்தும் அறுவைச் சிகிச்சையும் கண்ணின் அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சிய பார்வையைக் காக்க உதவுகின்றன. மடிந்த அணுக்களை மீட்டுத்தர அவற்றால் இயலாது.

மீனின் ஆற்றல்

வரிக்குதிரை மீனின் விழித்திரையில் காயம் ஏற்பட்டால், சில வாரங்களில் புதிய நரம்பணுக்கள் தோன்றிப் பார்வை திரும்புகிறது. பார்வை நரம்பு அறுபட்டாலும் அதன் இழைகள் மீண்டும் வளர்ந்து மூளையை அடைகின்றன. புதிய நரம்பணுக்களைத் தோற்றுவிப்பவை முல்லர் அணுக்கள். விழித்திரையைத் தாங்கி நிற்கும் இவை, காயம்பட்டதும் தம் தொழிலை விட்டு இளம் அணுவின் நிலைக்குத் திரும்பிப் பிரிகின்றன. மனிதரின் விழித்திரையிலும் முல்லர் அணுக்கள் உள்ளன. ஆயினும் நம்மிடம் அவை பெரும்பாலும் தழும்பை உண்டாக்குவதோடு நின்றுவிடுகின்றன.

இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவதே ஆராய்ச்சியின் நோக்கம். மீன் காயமுற்றதும் அஸ்கல்1ஏ என்னும் மரபணு விழித்தெழுந்து, லின்28 என்னும் புரதம் உருவாகத் துணைசெய்கிறது. அப்புரதம், சீரமைப்புக்குத் தடைக்கட்டை போல் இருக்கும் லெட்-7 என்னும் சிறு ஆர்.என்.ஏ.வை அடக்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராஜேஷ் ராமச்சந்திரனும் உடன் உழைத்தோரும் இதனை 2010-இல் வெளியிட்டனர். அவர் பின்னர் மொகாலியிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார்.

இம்மீனை ஏன் தேர்ந்தெடுத்தனர்? இதன் கருவும் குஞ்சும் ஒளி ஊடுருவும் தன்மையுடையன. ஆகவே உயிருள்ள நிலையிலேயே உறுப்புகள் உருவாவதை நுண்ணோக்கியால் காணலாம். மனித மரபணுக்களுள் சுமார் 70 விழுக்காட்டிற்கு இணையானவை இம்மீனில் உண்டென 2013-இல் அறியப்பட்டது. எனவே மீனில் கற்ற பாடத்தைப் பாலூட்டிகளில் சோதித்துப் பார்க்க வழி பிறந்தது. அஸ்கல்1 மரபணுவை இயக்கி, அதனுடன் ஒரு மருந்தையும் சேர்த்தளித்தபோது, வளர்ந்த எலியின் முல்லர் அணுக்களிலிருந்து நரம்பணுக்கள் தோன்றியதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2017-இல் காட்டினர்.

இன்று செய்யத்தக்கது

எலிக்கும் மனிதருக்கும் இடையிலான தொலைவு பெரிது. புதிய அணு தோன்றினால் மட்டும் போதாது. அதன் இழை மூளையின் உரிய இடத்தைச் சென்றடையவும் வேண்டும். அந்நாள் வரும்வரை, இழப்பு நேராமல் தடுப்பதே நம் கையிலுள்ள மருந்து. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976 முதல் நடைபெற்று வருகிறது. நாற்பது வயதைக் கடந்தோர், குறிப்பாகக் குடும்பத்தில் கிளாக்கோமா கண்டோர், காலந்தோறும் கண் பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது. மீனுக்கு இரண்டாம் முறை கிடைக்கும் பார்வை நமக்கு இன்னும் ஒரே முறைதான்.