ஒரு ரூபாய் ரெசிஸ்டருக்காக மலை இறங்கணுமா? கொடைக்கானலில் இருந்தபடி எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் வாங்க ஒரு வழிகாட்டி!

சனிக்கிழமை சாயங்காலம். வெளியே மூடுபனி இறங்கிவிட்டது. மேசை மேல் இ.எஸ்.பி.32 போர்டு, டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார், பிரெட்போர்டு எல்லாம் ரெடி. பூண்டுப் பாத்தியில் ராத்திரி எவ்வளவு குளிர்கிறது என்று மொபைலில் பார்க்க வேண்டும், இதுதான் திட்டம். புரோகிராமும் ஏற்றியாச்சு. ஸ்கிரீனில் வருகிறது பாருங்கள் ஒரு எண்: மைனஸ் 127 டிகிரி!

கொடைக்கானல் குளிர்தான். ஆனா, அவ்வளவு குளிர் இல்லைங்க!

சென்சார் பேசவே இல்லை என்பதற்கான அடையாளம்தான் அந்த மைனஸ் 127. பெரும்பாலும் காரணம் ரொம்பச் சின்னது. சென்சாரின் டேட்டா ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும். அதை வாங்க மறந்திருப்பீர்கள். விலை, ஒரு ரூபாய்கூடப் பெறாது. சென்னைக்காரராக இருந்தால் திங்கட்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை. நமக்கு? மதுரை சுமார் 120 கிலோமீட்டர். ஆன்லைனில் போட்டால் பாகத்தைவிட டெலிவரிக் கட்டணம் பல மடங்கு. வந்து சேர்வதற்குள் பிள்ளைகளின் ஆர்வமும் ஆறிப்போகும். ஸ்கூல் சயின்ஸ் எக்ஸிபிஷன் தேதியும் போய்விடும்.

அதனால்தான் சொல்கிறேன்... சமவெளியில் நல்ல கடை தெரிந்தால் போதும். மலையில் நல்ல லிஸ்ட் போடத் தெரிய வேண்டும். எங்கே வாங்குவது என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

இந்த மலைக்கு இது புதுசு இல்லை!

நம்ம ஊர் சூரிய ஆய்வுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். 1901-ல் அங்கே சூரியனைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். மோட்டார் வண்டி மலையேறாத காலம். கேம்பிரிட்ஜில் செய்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவி கடல் கடந்து, மலையேறி வந்து சேர்ந்தது. 1907-ல் இங்கே வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் அதை 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் சொல்கிறது. 1911-ல் கூடுதலாக ஒரு கருவி தேவைப்பட்டபோது இங்கிலாந்துக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்கவில்லை. துணைக் கருவி ஒன்றை இங்கேயே செய்து, ஏற்கெனவே இருந்ததோடு இணைத்துக்கொண்டார். கையில் இருப்பதை வைத்து வேலையை முடிக்கும் அந்தப் பழக்கம் நமக்கும் வேணும்.

முதலில் லிஸ்ட்!

ஆர்டர் போடும் முன் சர்க்யூட் படத்தைப் பேப்பரில் வரையுங்கள். படத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், கோட்டுக்கும் லிஸ்ட்டில் ஒரு வரி இருக்கிறதா என்று பென்சிலால் டிக் அடியுங்கள். பெரிய போர்டு யாருக்கும் மறக்காது. மறப்பதெல்லாம் ரெசிஸ்டர், கெபாசிட்டர், கனெக்டர், ஹெட்டர் பின், ஜம்பர் ஒயர், யு.எஸ்.பி கேபிள்தான். அந்தக் கேபிளிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது. 'போர்டு செத்துப்போச்சு' என்று பலர் நினைப்பது இந்தக் கேபிளால்தான்.

ஒவ்வொரு பாகத்துக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்.

1. முழுப் பெயர். கடைசி எழுத்து வரைக்கும். ஒரு எழுத்து மாறினால் வோல்டேஜ் மாறலாம், வடிவம் மாறலாம்.

2. வடிவம். பிரெட்போர்டில் குத்தக் கால் உள்ள 'டிப்' வகையா, அரிசியைவிடச் சின்னதாகப் பலகை மேலேயே ஒட்டும் 'எஸ்.எம்.டி' வகையா? விலை குறைவு என்று எஸ்.எம்.டி-யை ஆர்டர் போட்டுவிட்டு, பூதக்கண்ணாடியோடு அல்லாடுபவர்கள் நிறைய பேர்.

3. வோல்டேஜ். இ.எஸ்.பி.32 பின்களுக்கு 3.3 வோல்ட்தான் கணக்கு. ஹெச்.சி.எஸ்.ஆர்.04 போன்ற தூரம் அளக்கும் சென்சார் 5 வோல்ட்டில் பதில் சொல்லும். இரண்டையும் நேரடியாக இணைத்தால் போர்டு பழுதாகலாம். நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைக்க வேண்டும். அந்த இரண்டையும் லிஸ்ட்டில் சேர்த்தீர்களா?

4. எண்ணிக்கை. மலைக் கணக்கு என்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர், எல்.இ.டி, டிரான்சிஸ்டர் ஒன்று தேவை என்றால் பத்து. சென்சார் ஒன்று தேவை என்றால் இரண்டு. தேதி குறித்த வேலை என்றால் போர்டும் இரண்டு. 'வீண் செலவு' என்று தோன்றும். திரும்ப ஒரு ஆர்டர், திரும்ப ஒரு வாரம் என்று கணக்குப் போட்டால் இதுதான் சிக்கனம்.

எங்கே தேடுவது?

வீட்டுக்குள்: பழைய ரேடியோ, டேப் ரெக்கார்டர், பெரிய டப்பா டி.வி போர்டுகளில் கால் உள்ள ரெசிஸ்டர்கள் கொட்டிக் கிடக்கும். பழைய மொபைல் சார்ஜர் 5 வோல்ட் சப்ளையாகும், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் பல சமயம் 12 வோல்ட்டுக்கு உதவும். மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மல்ட்டிமீட்டரிலும் அளந்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை: டப்பா டி.வி-யையும் மைக்ரோவேவ் அவனையும் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும். மெக்கானிக் கழற்றிப்போட்ட போர்டு கிடைத்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள்: டி.வி, மொபைல் சர்வீஸ் கடைக்காரர்களோடு பழகி வையுங்கள். சால்டரிங் ஒயர், ஃப்ளக்ஸ், ஃபியூஸ் மாதிரி அவசரத் தேவைக்கு அவர்கள்தான் கைகொடுப்பார்கள். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் தண்ணீர் புகாத ஜங்ஷன் பாக்ஸ், பி.வி.சி பைப், கேபிள் கிளாண்ட்... தோட்டத்தில் வைக்கும் கருவிக்கு இவைதான் வீடு.

மலைக்குக் கீழே: திண்டுக்கல், மதுரை, கோவைக்கு வேறு வேலையாகப் போகும்போது லிஸ்ட் பையில் இருக்கட்டும். கிளம்பும் முன் கடைக்கு ஒரு போன் போட்டு, "அண்ணே, இது ஸ்டாக் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். சென்னை போனால், அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட். பெங்களூரு என்றால் எஸ்.பி ரோடு. ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அலைய வேண்டாம்.

ஆன்லைன்: புனேயில் இருந்து இயங்கும் ரோபு, பெங்களூருவின் ரோபோகிரேஸ் போன்ற இந்தியத் தளங்களில் பொழுதுபோக்கு எலெக்ட்ரானிக்ஸுக்குத் தேவையான முக்கால்வாசி கிடைத்துவிடும். பணம் கட்டும் முன் உங்கள் பின்கோடுக்கு டெலிவரி உண்டா என்று பாருங்கள். டவுனுக்கு வரும் கொரியர், பூம்பாறைக்கோ மன்னவனூருக்கோ வராமல் போகலாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு தளங்களில் நான்கு பொருள் வாங்கினால் நான்கு டெலிவரிக் கட்டணம். பத்து ரூபாய் அதிகம் என்றாலும் ஒரே இடத்தில் வாங்குவது லாபம். பார்சல் வந்த அன்றே பிரித்து, எண்ணி, டெஸ்ட் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு புலம்பிப் பலன் இல்லை.

வெளிநாடு: அரிதான ஐ.சி-க்கு மவுஸர், டிஜிகீ போன்ற அமெரிக்க நிறுவனங்கள் நம்பகமானவை. ஆனால் கஸ்டம்ஸ் வரி, அடையாள ஆவணம் என்று வேலை உண்டு. பத்து பேருக்குச் சேர்த்து வாங்கும்போதுதான் கட்டுப்படியாகும். ஒரு காலத்தில் எல்லோரும் நம்பியிருந்த அலிஎக்ஸ்பிரஸை 2020 நவம்பரில் மத்திய அரசு தடை செய்துவிட்டது.

கிட் வாங்கலாமா?

முதல் முறை என்றால் தாராளமாக. பாகம் விட்டுப்போகும் கவலை இல்லை. ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியல், சர்க்யூட் படம், செய்முறை மூன்றும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். '37 சென்சார் ஒரே டப்பாவில்' என்பதில் மயங்க வேண்டாம். அதில் உங்களுக்கு மூன்று பயன்படும், மீதி டப்பாவிலேயே தூங்கும்.

இதெல்லாம் மலைக்காரர்களுக்கு மட்டும்!

காற்றழுத்தம் அளக்கும் சென்சார் வாங்கினால், புத்தகத்தில் 1013 ஹெக்டோபாஸ்கல் என்று இருக்கும். கடல் மட்டத்துக் கணக்கு அது. 2,100 மீட்டர் உயரத்தில் நமக்கு 780, 790 என்றுதான் காட்டும். 'பழுது' என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்! ஈரப்பதமும் வேண்டும் என்றால் பி.எம்.இ.280 என்று கேட்டு வாங்க வேண்டும். அதன் பெயரில் ஈரப்பதம் அளக்காத பி.எம்.பி.280-ஐத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் உஷார்.

வைஃபை எட்டாத தோட்டத்துக்கு லோரா ரேடியோ நல்ல துணை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் லோராவுக்குப் பயன்படுத்துவது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. எனவே '868' என்று விற்கும் மாடலை வாங்கி 866-க்கு செட் செய்யலாம். அமெரிக்காவுக்கான 915 மாடல் இங்கே கூடாது. ஆன்டெனா மாட்டாமல் ரேடியோவை ஆன் செய்யவும் கூடாது.

மூடுபனி போர்டில் பச்சை பிடிக்க வைக்கும். சால்டரிங் முடிந்து டெஸ்ட் செய்த பிறகு கன்ஃபார்மல் கோட்டிங் அடியுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்கள். சென்சார் முகத்தில் மட்டும் கோட்டிங் படக் கூடாது.

உயிர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்!

'9,900 எம்.ஏ.ஹெச்' என்று அச்சடித்த 18650 பேட்டரியைப் பார்த்தால் அது பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நல்ல கம்பெனி செல்களே பெரும்பாலும் 2,000 முதல் 3,500-க்குள்தான். லித்தியம் பேட்டரியை பில் தரும் கடையில், பாதுகாப்பு சர்க்யூட்டோடு வாங்குங்கள். விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு இருப்பதால் பல சமயம் தரைவழியில்தான் வரும், அதனால் முதலிலேயே ஆர்டர் போடுங்கள். ஜனவரி உறைபனி இரவில், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் அது கெட்டுப்போகும்.

காட்டு மாடும் பன்றியும் தோட்டத்துக்குள் வருகிறது, வேலியில் கரன்ட் விடலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரே பதில்: கூடாது. 230 வோல்ட்டை வேலியில் விடுவது சட்டவிரோதம், மனிதர்களும் யானைகளும் இதனால் இறந்திருக்கிறார்கள். சோலார் மின்வேலிக்கே தமிழ்நாட்டில் 2023-ல் தனி விதிகள் வந்துவிட்டன. மாடு வந்தால் மணியடிக்கும் கருவி செய்யுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தீர்ந்த பேட்டரியையும் உடைந்த போர்டையும் குப்பையில் போடாதீர்கள். 2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடித் துண்டுகள் கண்டுபிடிக்கப்பட்டு, தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்ட கதை இந்த ஊருக்குத் தெரியும். தனி டப்பாவில் சேர்த்து, கீழே போகும்போது மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சரி, அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு வருவோம். ரெசிஸ்டர் இல்லையே, என்ன செய்வது? பழைய ரேடியோ போர்டை எடுங்கள். மஞ்சள், ஊதா, சிவப்பு என்ற வரிசையில் கோடு போட்ட ரெசிஸ்டரைத் தேடுங்கள். அதுதான் 4.7 கிலோ ஓம். இல்லையா? பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு கோடு உள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை ஒன்றுக்கொன்று இணையாகச் சேருங்கள். 5 கிலோ ஓம் வரும், சென்சாருக்கு அது போதும்.

இப்போ ஸ்கிரீனைப் பாருங்க... 11 டிகிரியோ, 12 டிகிரியோ காட்டும். நம்பலாம். மீதி இருக்கும் ரெசிஸ்டர்களைப் பழைய மாத்திரை டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். அடுத்த தெருவில் ஒரு பிள்ளை மைனஸ் 127-ஐப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கும்போது, கொடுத்து உதவலாம்!