குண்டுச் சுண்டெலி காட்டிய மரபணு

சுண்டெலி மரபணுத்தொகுதியின் முதல் வரைவு 2002 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியானது. மனிதருடையதில் சுமார் 290 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். சுண்டெலியுடையதில் 250 கோடி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 'பிளாக் 6' என்ற கறுப்பு வகை. அமெரிக்காவின் கிரான்பியில் எலி வளர்த்து விற்ற அபி லாத்ராப்பிடமிருந்து வந்த 57ஆம் எண் பெட்டை எலிதான் இதன் மூதாய். 1921இல் மரபியலாளர் கிளாரன்ஸ் லிட்டில் இந்த வம்சத்தைப் பெருக்கத் தொடங்கினார். தலைமுறை தலைமுறையாக உடன்பிறந்தவற்றையே இணைசேர்த்ததால் இவை எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஒரு மரபணு பழுதானாலும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

மனிதரும் சுண்டெலியும் 99 சதவீதம் ஒன்றே என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது தவறான கணக்கு. எலியின் மரபணுக்களில் 99 சதவீதத்துக்கு மனிதரிடம் ஏதோ ஒரு உறவு மரபணு உண்டு, அவ்வளவுதான். நேர் இணை இருப்பது 80 சதவீதத்துக்கு. எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால், மனிதத் தொகுதியில் 40 சதவீதம்தான் எலியோடு பொருந்துகிறது.

இந்த உறவு மனித நோய்களை அறிய எவ்வளவு உதவும் என்பதை இந்த வரைவுக்கு முன்பே ஒரு குண்டு எலி காட்டியிருந்தது. 1949இல் அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், ஓயாமல் தின்று மும்மடங்கு பருக்கும் எலிகள் பிறந்தன. பின்னாளில் ஆய்வாளர் டக்ளஸ் கோல்மன் அப்படி ஒரு எலியைச் சாதாரண எலியோடு சேர்த்துத் தைத்து, இரண்டின் ரத்தமும் கலக்கச் செய்தார். குண்டு எலி தின்பதைக் குறைத்தது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஏதோ ஒன்று அதன் ரத்தத்தில் இல்லை என்பது புரிந்தது. அது லெப்டின் என்ற ஹார்மோன். அதற்கான மரபணுவை 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது. எலியின் 6ஆம் குரோமோசோமில் இருக்கும் அது, மனிதரில் 7ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

1997இல் இங்கிலாந்தில் நெருங்கிய உறவினரான இரு குழந்தைகளிடம் அதே மரபணு பழுதாகியிருந்தது தெரிந்தது. மூத்த குழந்தைக்கு 8 வயது, எடை 86 கிலோ. ஒரே ஒரு எழுத்து விடுபட்டதுதான் காரணம். லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது, எடையும் இறங்கியது.

எல்லா நோயிலும் எலி இப்படிக் கைகொடுப்பதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கான மரபணுவை 1992இல் எலியில் சிதைத்தபோது குடல் அடைத்துக்கொண்டது. மனிதரின் உயிரைக் குடிக்கும் நுரையீரல் நோய் மட்டும் வரவில்லை. 2008இல் அதே மரபணு சிதைந்த பன்றிகளை உருவாக்கினார்கள். பிறந்த சில மாதங்களில் அவற்றின் நுரையீரல் சளி கட்டித் தொற்றுக்கு ஆளானது.